ஐந்தே முக்கால் பேருந்து

நியூ ஆர்லியன்ஸில் என்னை எழுப்பியது ஒரு டிராம்போன் பெட்டி. மரத்தரையில் அதை யாரோ தரதரவென்று இழுத்துப் போகும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். மணி ஐந்தரை. வெளியே கும்மிருட்டு. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், வாசல்படியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். மெரூன் நிறச் சட்டை, காக்கிக் கால்சட்டை, முதுகில் பை, காலடியில் அந்தப் பெட்டி. பக்கத்தில் நைட்டிக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கார அம்மாள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு மஞ்சள் பேருந்து ஒன்று விளக்கு மினுக்கிக்கொண்டு வந்து நின்றது. பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பேருந்தின் பின்விளக்கு மறையும்வரை அம்மாள் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

பிப்ரவரி முதல் வாரம். முந்தின நாள் மதியம் ஹூஸ்டனில் மகள் வீட்டிலிருந்து கிளம்பி, சன்செட் லிமிடெட் ரயிலில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். ஊர் வருவதற்கு முன்பு ரயில் ஹியூய் பி. லாங் பாலத்தில் மெல்ல மெல்ல ஏறியது. கீழே மிசிசிப்பி. இருட்டில் ஆறு தெரியவில்லை. ஆற்றில் நின்ற கப்பல்களின் விளக்குகள்தான் தெரிந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி ஊருக்குள் போகும்போது கிண்ணத்துக்குள் இறங்குவது போலிருந்தது. உண்மையிலேயே இது கிண்ணம்தான். ஊரின் ஏறக்குறைய பாதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

“இந்த நேரத்திலா பள்ளிக்கூடம்?” என்று காலையில் கேட்டேன்.

“ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேபி. அல்ஜியர்ஸ். எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.”

இந்த ஊரில் பழகியவர், பழகாதவர், இளையவர், மூத்தவர் என்று பார்க்காமல் எல்லோரையும் ‘பேபி’ என்றே கூப்பிடுகிறார்கள். எங்கள் ஈரோட்டுப் பக்கம் ‘கண்ணு’ என்போமே, அதே ஈரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. வயதில் பெரிய பெண்களைப் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்து அழைப்பது வழக்கம். என் வாயில் ‘அம்மா’ என்றே வந்தது. அதற்குப் பொருள் சொன்னதும் அவருக்கு அது பிடித்துப்போனது.

நான் அதிர்ந்த காரணம் வேறு. முந்தின இரவு டாக்ஸியில் வரும்போது நான்கு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்திருந்தேன். பெரிய கட்டடம், கொடிக்கம்பம், எல்லாம் இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் பள்ளியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஏன் விடியுமுன் ஆறு தாண்டிப் போகிறது? முப்பத்தொரு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். பிள்ளை நடக்கும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்பதை வேதவாக்காக நம்பி வளர்ந்தவள். மியூசியம், ஜாஸ் இசை, பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள் என்று ஐந்து நாளுக்குத் திட்டம் போட்டு வந்தேன். அந்தப் பேருந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

*

நான் தங்கிய வீடு ஏழாவது வார்டில் இருக்கிறது. ‘ஷாட்கன்’ வீடு என்பார்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். அறைக்குப் பின் அறை, நடைவழி கிடையாது. முன்வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். முன்னால் நம் திண்ணை மாதிரி மரத்தில் ஒரு தாழ்வாரம். அம்மாள் நாளின் பாதியை அங்கேதான் கழிக்கிறார்.

அந்தத் தாழ்வாரத்துச் சுவரில், கதவுக்கு இடப்பக்கம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி. சுவர் முழுக்க வெளிர் நீலம் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அந்தக் குறி இருக்கும் இடத்தை மட்டும் தொடவில்லை. மேலே ‘9-11’ என்று தேதி. இடப்பக்கம் ஏதோ எழுத்துகள், தேடிவந்த குழுவின் அடையாளம். வலப்பக்கம் உள்ளே என்ன ஆபத்து இருக்கிறது என்ற குறிப்பு. கீழே ஒரு பூஜ்யம்.

“கீழே இருப்பது உள்ளே கிடைத்த உடல்களின் எண்ணிக்கை” என்றார். “எங்கள் வீட்டில் பூஜ்யம். எதிர்வீட்டில் பூஜ்யம் இல்லை.”

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. புயலைவிடக் கரை உடைப்புதான் ஊரைத் தின்றது. கால்வாய்ச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து, ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. பல வாரம் நீர் வடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினார்கள். அம்மாள் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் மடக்குக் கட்டிலில் படுத்திருந்தார். அதுவரை இருபத்தாறு ஆண்டுகள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவரும் ஆசிரியை என்று தெரிந்த பிறகு எங்களுக்குள் பேச்சு நிற்கவே இல்லை.

வெள்ளத்துக்கு முன்பு ஊரின் பொதுப்பள்ளிகளில் சுமார் 65,000 பிள்ளைகள் படித்தார்கள். நூற்றுக்கு 94 பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலோர் ஏழைகள். பள்ளிகளின் நிலையை அம்மாள் மூடி மறைக்கவில்லை. கூரை ஒழுகும், கழிப்பறை ஓடாது, சம்பளச் சீட்டில் செத்தவர் பெயர் வரும் என்றார். ஊழலை விசாரிக்க வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்குக் கல்வி வாரியத்தின் தலைமையகத்திலேயே தனி அறை ஒதுக்க வேண்டியிருந்தது. 2003இல் ஒரு உயர்நிலைப்பள்ளியில் வகுப்பிலேயே முதலிடம் பிடித்த மாணவி, மாநில அரசின் கணக்குத் தேர்வில் தேறாமல் பட்டமளிப்பு மேடை ஏற முடியாமல் போனார். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அம்மாளின் குரல் தாழ்ந்தது. “அந்தப் பிள்ளை தோற்கவில்லை. நாங்கள் எல்லோரும் தோற்றோம்.” 2004இல் நூறு பேர் உயர்நிலைக்குள் நுழைந்தால் 54 பேர்தான் உரிய காலத்தில் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

வெள்ளம் வடிந்த கையோடு லூசியானா மாநில அரசு சட்டம் இயற்றியது. 2005 நவம்பரில், ஊரின் 100க்கும் மேற்பட்ட பள்ளிகளை நகரக் கல்வி வாரியத்திடமிருந்து எடுத்து, ‘மீட்புப் பள்ளி மாவட்டம்’ என்ற மாநில அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். ஆசிரியர்கள், சமையல்காரர்கள், எழுத்தர்கள் என ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

“கடிதம் வீட்டு முகவரிக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குள் கூரைவரை தண்ணீர் ஏறியிருந்தது. தபால்காரனே ஊரில் இல்லை. எனக்கு வேலை போன சேதி ஹூஸ்டனில் ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான் தெரியும். பழைய சக ஆசிரியை சொன்னாள்.”

ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2014இல் மாநில உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். மறு ஆண்டு நாட்டின் உச்சநீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. வெள்ளத்துக்கு முன் ஊரின் ஆசிரியர்களில் நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். பத்து ஆண்டுக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த இடத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்து, கல்லூரி முடித்த கையோடு, இளைஞர்கள் வந்தார்கள். பலர் வெள்ளையர்கள். நல்ல மனமும் உழைப்பும் கொண்டவர்கள்தான், ஆனால் ஊர் தெரியாதவர்கள். ஒரு பிள்ளையின் தாத்தா யார், அத்தை எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரிந்த ஆசிரியைக்கும், இரண்டாண்டு இருந்துவிட்டுப் போகும் ஆசிரியருக்கும் என்ன வேறுபாடு என்பதை மதிப்பெண் பட்டியலில் காட்ட முடியாது. எனக்குத் தெரியும், நான் முதல் வகையில் இருந்தவள்.

*

இப்போது இந்த ஊரில் ஏறக்குறைய எல்லாப் பொதுப்பள்ளிகளும் சார்ட்டர் பள்ளிகள். ஒப்பந்தப் பள்ளி என்று சொல்லலாம். செலவு அரசினுடையது, கட்டணம் கிடையாது. நடத்துவது மட்டும் லாபநோக்கற்ற ஒரு தனி அமைப்பு. யாரை வேலைக்கு வைப்பது, எந்தப் பாடநூல், பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. அதற்கு ஈடாகப் பிள்ளைகளின் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். ஐந்தாண்டு போல ஒப்பந்தக் காலம் முடியும்போது தேர்ச்சி இல்லையென்றால் பள்ளியைப் பிடுங்கி வேறு அமைப்பிடம் கொடுப்பார்கள், அல்லது மூடுவார்கள். 1991இல் மின்னசோட்டா மாநிலத்தில் முதலில் சட்டமான எண்ணம் இது. ஆனால் ஒரு பெரிய நகரம் முழுவதையும் இப்படி மாற்றியது இங்கேதான். 2014இல் மாநிலம் நேரடியாக நடத்திவந்த கடைசி ஐந்து பள்ளிகளும் மூடப்பட்டன. 2018 ஜூலையில் மேற்பார்வை நகரக் கல்வி வாரியத்திடம் திரும்பி வந்தது. பள்ளிகள் மட்டும் ஒப்பந்தக்காரர்களிடமே இருந்தன.

இந்த ஏற்பாட்டில் வீட்டருகே உள்ள பள்ளி என்று யாருக்கும் உரிமையாக எதுவும் இல்லை. ஊரில் எந்தப் பள்ளிக்கும் எந்தப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஆரம்பத்தில் பெற்றோர் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு விண்ணப்பம், வேறு தேதி. 2012இல் பல பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். அப்போது அதற்கு ‘ஒன்ஆப்’ என்று பெயர். நம் பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுப்பதுபோலப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பெண் பார்ப்பதில்லை. அண்ணன், அக்கா அங்கே படித்தால் முன்னுரிமை, பக்கத்தில் குடியிருந்தால் கொஞ்சம் முன்னுரிமை, மற்றது குலுக்கல். யாருக்கு எந்த இடம் என்று கணினி பொருத்துகிறது. இப்படிப் பொருத்தும் கணக்கை ஆராய்ந்ததற்காக லாயிட் ஷேப்லி, ஆல்வின் ராத் ஆகியோருக்கு அதே 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஏட்டில் இருந்த ஒரு கணிதம் ஓர் ஊரின் அத்தனை பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் காட்டுகிறது என்பதை நினைத்து வியந்துபோனேன்.

பேருந்தில் ஏறிய அந்தப் பையன் அம்மாளின் பேரன். மூன்று வயதிலிருந்து அவரிடம் வளர்கிறான். முதலில் சேர்த்த பள்ளி அவன் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது மூடப்பட்டது. அடுத்த பள்ளியில் தரையில் நாடா ஒட்டியிருந்தார்களாம். வகுப்பு விட்டு வகுப்பு போகும்போது அந்தக் கோட்டின் மேலேதான் நடக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. சட்டை வெளியே தொங்கினால் ஒரு தண்டனைப் புள்ளி, சிரித்தால் ஒன்று. வெள்ளத்துக்குப் பின் வந்த பல பள்ளிகள் இந்தக் கண்டிப்பையே வழிமுறையாகக் கொண்டிருந்தன. இடைநீக்கங்கள் பெருகி, 2013இல் மாணவர்களே வெளிநடப்புச் செய்து எதிர்த்தார்கள். பிறகுதான் பல இடங்களில் பிடி தளர்ந்தது. “நாடாப் பள்ளி வேண்டாம் என்று நானே வெளியே எடுத்தேன். கணினி எங்களுக்கு ஆற்றுக்கு அப்பால் இடம் கொடுத்தது” என்றார் அம்மாள். மாலை நான்கரைக்கு வீடு திரும்பிய பையனைக் கேட்டேன், இந்தப் பள்ளி எப்படி என்று. “பேண்ட் இருக்கிறது” என்றான். அவனுக்கு அது போதும்.

*

மறுநாள் மேல் ஒன்பதாவது வார்டுக்குப் போனேன். நார்த் கால்வெஸ் தெருவில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியின் செங்கல் கட்டடம். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வெளியாள் உள்ளே போக முடியாது, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, நான்கு கூட்டாட்சிக் காவலர்கள் சூழ, இந்தப் படியில் ஏறினாள். அதுவரை வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி இது. வாசலில் நின்ற கூட்டம் ஏசியது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ரூபி ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார். ஒரு நாள்கூட விடாமல் இருவரும் வந்தார்கள்.

ஆறு வயதுப் பிள்ளையின் கால் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர வரும் குழந்தைகள் பள்ளிப்படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறும். அந்தப் படிகளைப் பார்த்ததும் எனக்கு அது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

அதே நாள் காலை, கீழ் ஒன்பதாவது வார்டில் மெக்டனோ 19 என்ற பள்ளியில் மூன்று சிறுமிகள் ஏறினார்கள்: லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட். அங்கும் வெள்ளைப் பிள்ளைகள் காலி. ஜன்னல்களைக் காகிதம் ஒட்டி மறைத்த கட்டடத்தில் மூன்று குழந்தைகள் மட்டும் படித்தார்கள். வெள்ளத்தில் சீரழிந்து கிடந்த அந்தக் கட்டடத்தை லியோனா டேட்டின் அறக்கட்டளை முன்னின்று மீட்டது. 2022 முதல் கீழே காட்சியகமும் மேலே முதியோருக்கான வீடுகளுமாக இருக்கிறது. அதைச் சுற்றி நடந்தால் வீடு இருந்த இடங்களில் புல் மட்டும். சில மனைகளில் சிமெண்டுப் படிகள் மூன்று நிற்கின்றன. ஏறினால் எங்கும் போகாது.

மெக்டனோ என்ற பெயருக்கும் ஒரு கதை. ஜான் மெக்டனோ பெரும் வணிகர், அடிமைகளை வைத்திருந்தவர். 1850இல் இறக்கும்போது சொத்தை ஏழைப்பிள்ளைகளின் படிப்புக்கு எழுதிவைத்தார். அவர் பெயரோடு எண் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் அவர் சிலைக்குப் பூ வைக்க வேண்டியிருந்தது. வெள்ளைப் பிள்ளைகள் எல்லோரும் வைத்து முடிக்கும்வரை கறுப்பினப் பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. 1954இல் அவர்களில் ஏறக்குறைய யாரும் போகவில்லை, புறக்கணித்தார்கள்.

ஃபிரான்ட்ஸ் கட்டடத்தில் இப்போது நடப்பது ஒரு சார்ட்டர் பள்ளி. ரூபியின் சிலை உள்முற்றத்தில் இருக்கிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். நான் பார்த்த வரிசையில் கறுப்பினப் பிள்ளைகளே நிறைந்திருந்தார்கள். அந்தச் சின்னக் கால்கள் கஷ்டப்பட்டு ஏறித் திறந்த கதவு வழியாக வெள்ளையர்கள் வெளியேறிவிட்டார்கள், திரும்பி வரவில்லை. ஊரின் மக்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு வெள்ளையர். பொதுப்பள்ளிப் பிள்ளைகளிலோ பத்தில் ஒருவர் அளவுதான். மற்றவர்கள் தனியார் பள்ளிகளில், கத்தோலிக்கப் பள்ளிகளில். பொதுப்பள்ளிக்கு வரும் வெள்ளைப் பிள்ளைகளும் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப்பள்ளி போன்று மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் சில பள்ளிகளில்தான் அதிகம். இந்த ஒரு கணக்கை வெள்ளமும் மாற்றவில்லை, சீர்திருத்தமும் மாற்றவில்லை.

மாறியது வேறு பக்கம். வெள்ளத்துக்குப் பின் வீடு கட்ட வந்த தொழிலாளர் குடும்பங்களால் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் இப்போது பத்தில் ஒருவருக்கும் மேல். அவர்களில் ஹோண்டுராஸ் நாட்டவர் நிறைய. வாழைப்பழக் கப்பல் காலத்திலிருந்தே அந்த நாட்டோடு இந்தத் துறைமுகத்துக்கு உறவு உண்டு. ஊரின் கிழக்கு ஓரத்தில் 1975க்குப் பின் வந்த வியட்நாமியர்களின் குடியிருப்பு. கறுப்பினப் பிள்ளைகள் இன்று ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. பத்தில் எட்டுப் பேர் ஏழைக் குடும்பங்கள். மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை வெள்ளத்துக்கு முந்தைய அளவை மீண்டும் எட்டவே இல்லை.

*

அதற்கு முந்தின நாள், பேருந்தைப் பார்த்த அந்த முதல் நாள், திங்கட்கிழமை. இந்த ஊரில் திங்கள் என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். ஒரு காலத்தில் துணி துவைக்கும் நாள். அடுப்பில் பீன்ஸை ஏற்றிவிட்டால் துவைத்து முடிப்பதற்குள் வெந்துவிடும். பழக்கம் நின்றுவிட்டது, சமையல் நிற்கவில்லை. காலையிலிருந்து அது கொதித்துக்கொண்டிருந்தது. நானும் அம்மாளும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் இப்போது நன்றாகப் படிக்கிறார்களா, இல்லையா?

துலேன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹாரிஸ் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தது. 2020இல் ‘சார்ட்டர் ஸ்கூல் சிட்டி’ என்று நூலும் எழுதினார்.  மாநிலத்தின் மாணவர்கள் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், இந்த ஊர்ப்பிள்ளை 11 முதல் 16 இடம் வரை முன்னேறியிருக்கிறது. உயர்நிலைப் படிப்பை முடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 9 பேர் கூடினார்கள். கல்லூரிக்குள் நுழைபவர்கள் 8 முதல் 15 பேர். கல்லூரியை முடித்துப் பட்டம் வாங்குபவர்கள் 3 முதல் 5 பேர். ஏழைகள் ஊர் திரும்பாததால் வந்த உயர்வோ என்ற சந்தேகத்தையும் அவர்கள் சோதித்தார்கள். அது விளக்குவது கொஞ்சம்தான். ஒரு நகரம் முழுவதிலும், பத்தாண்டுக்குள், இவ்வளவு உயர்வைக் காண்பது அபூர்வம். முதல் பத்தாண்டுக்குப் பின் வேகம் நின்று சமதளமானது என்பதும் உண்மை. தேறாத பள்ளிகளைத் தேறிய அமைப்புகளிடம் மாற்றிக் கொடுத்ததே உயர்வுக்குப் பெரிய காரணம் என்பது அவர்கள் முடிவு.

அதே குழுவின் இன்னொரு கணக்கும் உண்டு. ஒப்பிடத்தக்க மற்ற மாவட்டங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு மாணவருக்கான செலவு நூற்றுக்கு 13 கூடியது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு 66 கூடியது. வகுப்பறையில் கற்பிக்க ஆன செலவோ நூற்றுக்கு 10 குறைந்தது. அனுபவசாலிகள் போய்ச் சம்பளம் குறைந்த புதியவர்கள் வந்ததுதான் அதற்கு முக்கியமான காரணம். எனக்கு இது உறுத்துகிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் 2010இல் வழக்குப் போட்டதும் உறுத்துகிறது. தேர்ச்சியைக் காட்டியே வாழவேண்டிய பள்ளி, மெதுவாகக் கற்கும் பிள்ளையைப் பாரமாகப் பார்க்கத் தொடங்கினால் அந்தத் தாய் எங்கே போவாள்? நீதிமன்றக் கண்காணிப்பில் உடன்பாடு வந்த பிறகுதான் அவர்களுக்கு ஓரளவு வழி பிறந்தது.

அம்மாள் கரண்டியால் பீன்ஸைக் கிண்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“என் பேரன் படிக்கிற கணக்கை அவன் வயதில் என் மகன் பார்த்ததில்லை. பொய் சொல்ல மாட்டேன், பேபி. முன்பு கல்லூரி என்ற பேச்சு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. இப்போது ஆறாம் வகுப்பிலேயே பேசுகிறார்கள்.”

சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“என்னையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கலாம்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்கு எந்த ஆய்விலும் நான் பதில் பார்க்கவில்லை. ஆசிரியர்களை வெளியே தள்ளாமல் அதே மாற்றத்தைச் செய்து பார்த்த ஊர் இல்லாததால், ஒப்பிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நான் நம்புவது இதுதான்: அவர் சொன்னது சரி. கூரையை மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகத் தூண்களைப் பிடுங்கியிருக்க வேண்டாம்.

ஊருக்குள்ளேயே இப்போது அந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் கல்வி வாரியம் பல ஆண்டுகளுக்குப் பிறகு தானே நேரடியாக ஒரு பள்ளியைத் திறந்தது. லியா சேஸ் பள்ளி. லியா சேஸ் இந்த ஊரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர். சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் கூடிப் பேசி உண்ட உணவகத்தை நடத்தியவர். ஒப்பந்தம் இழந்த ஒரு பள்ளிக்குப் பதிலாக வந்தது அது. பழைய ஆசிரியை ஒருவர் அங்கே சேர்ந்திருப்பதாக அம்மாள் சொன்னார். “எனக்கு முழங்கால் சரியாக இருந்தால் நானும் போயிருப்பேன்.”

*

வெள்ளிக்கிழமை இரவு செயின்ட் சார்ல்ஸ் சாலையில் மார்டி கிரா ஊர்வலம். சாலையின் நடுவில் டிராம் ஓடும் புல்தரை. அதை ‘நியூட்ரல் கிரவுண்ட்’ என்கிறார்கள். குடும்பம் குடும்பமாக ஏணி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஏணியின் உச்சியில் மரப்பெட்டி ஒன்றை ஆணியடித்துப் பொருத்தி, அதில் குழந்தையை உட்காரவைத்துக் குறுக்கே ஒரு கம்பு. எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே, அதற்குப் பதிலாக ஏணி.

அலங்கார வண்டிகளும் அவற்றிலிருந்து வீசும் மணிமாலைகளும் நான் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது பள்ளிப் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியம். இரண்டு வண்டிக்கு ஒரு பேண்ட். முதலில் பள்ளியின் பெயர் எழுதிய பதாகை, பிறகு ஆட்டக்காரிகள், பிறகு டிராம்போன், டிரம்பெட், பின்னால் பெரிய டியூபாக்கள், கடைசியில் முரசுகள். அந்த ஒலி காதில் விழுவதற்கு முன் மார்பில் விழுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் தூக்கமுடியாத வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வாசித்தபடியே நடக்கிறார்கள். ஒவ்வொரு பதாகைக்கும் கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து கூச்சல் எழும். அது அவர்கள் படித்த பள்ளி. இந்த ஊரில் ‘எந்தப் பள்ளி?’ என்று கேட்டால் படித்த உயர்நிலைப்பள்ளியைத்தான் சொல்வார்கள். அதிலேயே தெருவும் குடும்பமும் அடங்கிவிடும். வெள்ளத்துக்குப் பின் மூடப்பட்ட, பெயர் மாறிய பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கத்துவதற்குப் பதாகை இல்லை.

அம்மாளுக்கு இருந்தது. அவர் படித்தது மெக்டனோ 35. 1917இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஊரில் திறந்த முதல் பொது உயர்நிலைப்பள்ளி. வாரியம் நேரடியாக நடத்திய பள்ளிகளில் கடைசியாகச் சார்ட்டருக்கு மாறியதும் அதுதான். ஊரில் ‘முப்பத்தைந்து’ என்றாலே போதும். அந்தப் பதாகை திருப்பத்தில் தெரிந்ததும், முழங்கால் வலியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, “முப்பத்தைந்து! முப்பத்தைந்து!” என்று தொண்டை கிழியக் கத்தினார். பேரன் கத்தவில்லை. டிராம்போன் வரிசையில் இருந்தவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எங்களைத் தாண்டும்போது அவன் வலது கையும் காற்றில் முன்னும் பின்னும் நகர்ந்தது.

அடுத்த ஆண்டு அவன் ஒன்பதாம் வகுப்பு. மறுபடியும் விண்ணப்பம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள், காந்தத்தால் ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்தில் ஐந்து பள்ளிகளின் பெயர், எதிரே எண்கள். முதலாவது ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளி, மூன்றாவது முப்பத்தைந்து. கல்லூரிக்கு முதலாவதுதான் நல்லது என்று அம்மாள் சொல்லியிருக்கிறார். அழித்து எழுதி அழித்து எழுதித் தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது.

சனிக்கிழமை பள்ளி இல்லை. நான் கிளம்பும்போது வெளிச்சம் வந்துவிட்டது. டாக்ஸி வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். தாளில் ஒன்றும் மூன்றும் இடம் மாறியிருந்தன. இந்த முறை பென்சிலில் இல்லை, நீலப் பேனாவில்.